பாக் நீரிணை ஆவணப்படம்: இரண்டு கரைகளையும் ஒரே படத்தில் எப்படிச் சேர்ப்பது?

சேதுக்கரையோன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாக் நீரிணையின் கடல்வளத்தைக் காப்பது பற்றி நானும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பர் ஒருவரும் சேர்ந்து 50 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்து வருகிறோம். மல்லிப்பட்டினத்திலிருந்து இராமேஸ்வரம் வரையுள்ள கரையை நானும், பருத்தித்துறையிலிருந்து பேசாலை வரையுள்ள கரையை அவரும் பதிவு செய்தோம். படப்பிடிப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது. தொகுப்பில்தான் தடுமாறி நிற்கிறோம்.

முதல் வடிவத்தைச் சென்ற மாதம் இரண்டு கரைகளிலும் திரையிட்டோம். இங்கே ஒரு மீனவர் ஊரில் பார்த்தவர்கள், "முழுக்க இலங்கைக்காரர்களின் மனக்குறையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், எங்கள் பிள்ளைகள் சிறையில் கிடப்பது உங்களுக்கு ஓரச்செய்தியாகிவிட்டது" என்றார்கள். அதே வாரம் நண்பர் அதே வடிவத்தை அங்கே காட்டியபோது, "கைதானவர்களின் வீட்டார் அழும் காட்சியில் தொடங்கி, எங்களுடைய அறுந்த வலைகளைப் பத்தாவது நிமிடத்தில் காட்டினால், யாருக்காக இந்தப் படம் என்பது விளங்குகிறது" என்று சொல்லிச் சிலர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். இரு தரப்பாரும் சொன்னதில் நியாயம் இருப்பதால்தான் எனக்கு வழி தெரியவில்லை.

தொடக்கத்தில் பின்னணிக் குரலாக, மீன்களுக்கும் ஆவுளியாவுக்கும் (கடற்பசு) எல்லைக்கோடு தெரியாது என்ற பொருளில் சில வரிகள் வருகின்றன. அதையடுத்து 1974, 1976 ஆம் ஆண்டு இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்களைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறோம். நிதி தர முன்வந்த அமைப்பு ஒன்று, கச்சதீவிலிருந்துதான் படம் தொடங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்ததால் அந்த நிதியை மறுத்துவிட்டோம்.

படம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் முதல் கேள்வி. கடலடியில் நடக்கும் சேதத்தை எப்படிக் காட்டுவது என்பது அடுத்தது, ஏனென்றால் நாங்கள் நீருக்கடியில் எடுத்த காட்சிகளில் பாதிக்கு மேல் வெறும் கலங்கலாக வந்திருக்கின்றன. வழக்கு நிலுவையில் உள்ளவர்களின் முகத்தைக் காட்டலாமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடமராட்சியான்

தம்பி, முதலில் அந்தப் பின்னணி வரிகளை எடுத்துவிடுங்கள். "மீனுக்கு எல்லை இல்லை" என்ற வாக்கியம் கேட்க அழகாக இருந்தாலும், எங்கள் பக்கத்துக் கடற்றொழிலாளர்கள் அதை வேறு இடத்தில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். எல்லை தாண்டி வருகிற இழுவைமடிப் படகுகளின் (கடலடியோடு வலையை இழுத்து வாரும் விசைப்படகுகளின்) உரிமையாளர்கள் தங்கள் தரப்புக்குச் சொல்லுகிற வாதமும் அதுதான். அந்த வரியோடு தொடங்கினால், படத்தின் முதல் நிமிடத்திலேயே நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக இங்கே பார்ப்பவர் எண்ணிக்கொள்வார்.

எங்கள் பக்கத்துக் கதை 1983இல் தொடங்குகிறது. போர் தொடங்கிய பிறகு 2009 வரை வடக்கின் கடற்றொழிலாளர்கள் பாதுகாப்புத் தடைகளாலும் இடப்பெயர்வாலும் தங்கள் கடலில் சுதந்திரமாகத் தொழில் செய்ய முடியாதிருந்தார்கள். அந்த இருபத்தாறு ஆண்டுகளில் எதிர்க்கரையில் விசைப்படகுகள் பெருகின. ஆளில்லாத கடல் அவற்றுக்குப் பழகிப்போனது. போர் முடிந்து, கடன் வாங்கிச் சிறிய வள்ளமும் செவுள்வலையும் தேடிக்கொண்டு எங்கள் ஆட்கள் கடலுக்குத் திரும்பியபோது, அங்கே ஏற்கெனவே ஒரு தொழில் நடந்துகொண்டிருந்தது. இதை நீங்கள் பத்தாவது நிமிடத்துக்குத் தள்ளக்கூடாது.

காட்சியாகக் காட்ட ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டின் பாக் நீரிணைக் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு 1970களின் கடைசியிலிருந்தே இருந்து வருகிறது. திங்கள், புதன், சனி என்று அந்த மூன்று நாட்களை யாழ்ப்பாணத்துச் சிறுபிள்ளையும் சொல்லும். அந்த இரவுகளில் எங்கள் கரையிலிருந்து பார்த்தால் கடலில் ஒரு பட்டணம் எழுந்து நிற்பதுபோல விளக்குகள் வரிசையாகத் தெரியும். வலை அறுந்துவிடும் என்ற பயத்தில் பலர் அன்று தொழிலுக்குப் போகமாட்டார்கள். உங்கள் கரையில் உங்கள் மீனவர்களுக்குள் பிணக்கு வராமல் இருக்கச் செய்த ஒழுங்கு, எங்கள் கரையில் எங்கள் வாரநாட்களைத் தீர்மானிக்கிறது. யாரையும் குற்றஞ்சாட்டாமல் அந்த விளக்குகளை மட்டும் நிதானமாக இரண்டு நிமிடம் காட்டினாலே போதும் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்காதீர்கள். இலங்கை நாடாளுமன்றம் 2017 ஜூலையில் இழுவைமடித் தொழிலையே சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் குருநகர், பேசாலை போன்ற இடங்களில் உள்ளூர் இழுவைமடிப் படகுகள் பற்றிய சண்டை ஓயவில்லை. அதைச் சொன்னால்தான் இந்தப் படம் மீன்பிடிக் கருவியைப் பற்றியது என்பது இரு கரையாருக்கும் தெளிவாகும்.

உப்புக்காற்று

நான் கடலோரப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்பவன். கலங்கல் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

இராமேஸ்வரத்தில் பாக் நீரிணையை வடகடல் என்றும் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் ஆண் கடல் என்றும் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அலை குறைந்த கடல்தானே, தெளிவாக இருக்கும் என்று நினைத்துத்தான் பலரும் வடகடலில் இறங்கி ஏமாறுகிறார்கள். இது ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. அடியில் மென்மையான சேறும் மணலும் கிடப்பதால், காற்று சற்று வலுத்தாலே அடிமண் மேலே வந்துவிடும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை நீருக்கடியில் படமெடுக்க எண்ணவே வேண்டாம். பங்குனிக்குப் பிறகு, காற்று எழும்புவதற்கு முந்தைய அதிகாலை மூன்று மணி நேரம்தான் உங்களுக்கு உரியது. செயற்கை விளக்கை நேராகப் பாய்ச்சினால் மிதக்கும் துகள்கள் வெண்புள்ளிகளாக நிறைந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்து, அகன்ற கோண லென்சை வைத்துக்கொண்டு, கடற்புல்லுக்கு ஒரு கை தூரம் வரை நெருங்கி எடுங்கள்.

சேதத்தைக் காட்ட அடிக்கடலுக்குப் போக வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. இழுவைமடியின் இரண்டு பக்கமும் உள்ள பலகைகள் அடியைக் கிளறிக்கொண்டு போவதால் என்ன நடக்கிறது என்பது மடியைத் தளத்தில் அவிழ்த்துக் கொட்டும் அந்த ஒரு நிமிடத்தில் முழுமையாகத் தெரிந்துவிடும். இறாலோடு விரல் நீளக் குஞ்சுகள், கடற்குதிரைகள், சிப்பிகள், வேரோடு பிடுங்கப்பட்ட கடற்புல் எல்லாம் வந்து விழும். விற்க முடிந்த மீனைப் பொறுக்கியபின் எஞ்சுகிற குவியல் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் கழிவு மீனாகப் போகிறது. கேமராவை முழங்கால் உயரத்தில் நிலையாக வைத்து, அந்தக் குவியல் பிரிக்கப்படுவதை வெட்டாமல் எடுங்கள். பின்னணி இசை வேண்டாம். தளத்தின் ஒலியே இருக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் இருக்கிறது அல்லவா? தடை தொடங்குவதற்கு முந்தைய வாரமும், முடியும் வாரமும் ஒரே கடற்புல் பரப்பில் ஒரே இடத்தில் கேமராவை வைத்து எடுத்துப் பாருங்கள். ஆனால் அதை அறிவியல் சான்றாகச் சொல்லிவிடாதீர்கள். நீரின் தெளிவு அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தது; கடற்புல் தழைக்க இரண்டு மாதம் போதாது. பார்த்ததைப் பார்த்தபடி, தேதியிட்டுக் காட்டுங்கள். மற்றதை ஆய்வாளர் ஒருவர் பேசட்டும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளையோ அவற்றைச் சுற்றிய நீரையோ எடுக்க வனத்துறையின் முன்அனுமதி கட்டாயம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பதால், அந்த வட்டாரத்தில் டிரோனைத் தன் விருப்பத்துக்குப் பறக்கவிட்டால் கருவியோடு படமும் போய்விடும். ஆவுளியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். அதைப் படகால் துரத்தி எடுத்த காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் படத்தில் இடம்பெறக் கூடாது.

நெய்தல்மகள்

நான் விசைப்படகுத் தொழில் நடக்கும் ஊர் ஒன்றில் பிறந்தவள். என் அப்பா முப்பது ஆண்டுகள் படகில் கூலியாகப் போனவர். அவருக்குச் சொந்தப் படகு இருந்ததில்லை. உங்கள் இருவருடைய பதிவுகளிலும், அனேகமாக இந்தப் படத்திலும், விடுபட்டுப் போகிறவர் அவர்தான் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

படகு உரிமையாளரும் அதில் ஏறிப் போகிற தொழிலாளியும் ஒரே ஆள் அல்லர். டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்து மிஞ்சுவதில்தான் தொழிலாளிக்குப் பங்கு. எந்த இடத்தில் மடியை இறக்குவது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. ஆனால் பிடிபடும்போது சிறைக்குப் போகிறவர் அவர்தான். இலங்கை 2018இல் அந்நியப் படகுகள் குறித்த சட்டத்தைத் திருத்தி அபராதத்தை உயர்த்தியபோது அந்தச் சுமை கடைசியில் யார் வீட்டு வாசலில் இறங்கியது என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அழும் குடும்பங்களைக் காட்டியதில் தவறில்லை. அந்தக் கண்ணீருக்குக் காரணம் எல்லைக்கோடு மட்டும்தான் என்பதுபோலக் காட்டியதுதான் குறை.

தமிழ்நாட்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. அந்தப் பக்கம் சர்வதேச எல்லை. நடுவில் மிஞ்சுகிற ஒடுங்கிய பரப்பில் எங்கள் துறைமுகங்களின் அத்தனை படகுகளுக்கும் மீன் கிடையாது. இருந்ததையும் பல ஆண்டுகள் அடியோடு வாரி எடுத்துவிட்டோம். "வாரி எடுத்துவிட்டோம்" என்று என் அப்பாவே சொல்வார். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் கைதைப் பற்றி மட்டும் கேட்டால் அவர்கள் கைதைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

2017இல் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் திட்டம் வந்தது. அப்போது ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். பெரும்பங்கு அரசு மானியம், எஞ்சியது வங்கிக் கடனும் பயனாளியின் பங்கும். மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவது இலக்கு. நடந்தது அதில் மிகச் சிறிய பகுதிதான். ஓர் இரவில் போய்த் திரும்பிப் பழகியவர்கள் வாரக்கணக்கில் சூரைமீன் தேடிப் போக வேண்டும். தொழிலும் வேறு, கடலும் வேறு, கடனும் பெரிது. இந்தத் திட்டம் ஏன் தேங்கியது என்பதற்குப் படத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கச்சதீவைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். இதைப் பற்றி எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை.

முகம் காட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழக்கு முடியாதவர்களின் முகத்தையோ குரலையோ படகின் எண்ணையோ காட்ட வேண்டாம். "சரி, எடுத்துக்கொள்" என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் படம் இரு நாடுகளிலும் இணையத்திலும் ஓடும் என்பதை நினைத்தா சொன்னார்கள்? தொகுப்பு முடிந்ததும் அவரவர் பகுதியை அவரவருக்கே காட்டி மறுபடியும் ஒப்புதல் வாங்குங்கள். வேண்டாம் என்று சொன்னால் நீக்கிவிடுங்கள்.

சேதுக்கரையோன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வடமராட்சி ஐயா சொன்ன பின்னணி வரிகளை நேற்றிரவே நீக்கிவிட்டோம். அது யாருடைய வாதமாக ஒலிக்கிறது என்பது எனக்கு இதுவரை உறைக்கவே இல்லை. நண்பருக்கு அது தெரிந்திருந்தும், நான் எழுதிய வரி என்பதால் சொல்லத் தயங்கியிருக்கிறார்.

நெய்தல்மகள் அவர்கள் எழுதியதைப் படித்தபின் பழைய பதிவுகளை மீண்டும் போட்டுக் கேட்டேன். ஜெகதாப்பட்டினத்தில் பேசிய முதியவர் ஒருவர், தடைக்காலத்தை நான்கு மாதமாக்கினால்கூடத் தகும் என்று இரண்டு நிமிடம் பேசியிருக்கிறார். கைதுச் சம்பவத்துக்குத் தொடர்பில்லை என்று நாங்கள்தான் அதை வெட்டியிருக்கிறோம். ஆழ்கடல் திட்டத்துக்காக மூக்கையூர்த் துறைமுகத்துக்கும் தனியாக ஒரு முறை போய்வர முடிவு செய்திருக்கிறோம்.

தொடக்கக் காட்சிக்கு உங்கள் பதில்களிலிருந்தே ஒன்று தோன்றியது. ஜூன் 14 நள்ளிரவோடு இங்கே தடைக்காலம் முடிகிறது. அந்த மாலையில் இராமேஸ்வரத் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, பழுதுபார்த்த மடிகளைப் படகில் சேர்ப்பார்கள். இரண்டு மாதம் அச்சமின்றி வலை விரித்த எதிர்க்கரைக் கடற்றொழிலாளர்கள் அதே மாலையில் வலையைக் கரைக்கு எடுத்து வைப்பார்கள். இரண்டு கேமராக்கள், இரண்டு கரைகள், ஒரே இரவு. பின்னணிக் குரல் கிடையாது. கடலில் முதல் விளக்கு தெரியும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டலாம் என்று நண்பரும் சொல்கிறார்.

ஒரே ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது, வடமராட்சி ஐயா. அந்த நாட்களில் சோளகம் (தென்மேற்குக் காற்று) வலுத்து வீசுமே. பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து அந்த விளக்குகள் தெளிவாகத் தெரியுமா, அல்லது நண்பர் நெடுந்தீவுக்கே போய் நின்றுகொள்வது நல்லதா?

வடமராட்சியான்

நெடுந்தீவுக்கே போகச் சொல்லுங்கள் தம்பி. மேற்குக் கரையில் நின்றால் மறைப்பு இருக்காது. படகுச்சேவை காற்றைப் பார்த்துத்தான் ஓடும் என்பதால் இரண்டு நாள் முன்னதாகவே போய்விட வேண்டும். கேமராவை உப்புக்குப் பொத்திக் கொண்டுபோகவும் சொல்லுங்கள்.