ஒரே பள்ளி, இரண்டு செக்ஷன்: குவாசி எக்ஸ்பெரிமெண்டல் ஆய்வில் எந்த முடிவை நம்புவது?

எம்எட்_இரண்டாமாண்டு:

வணக்கம். 8-ம் வகுப்பு அறிவியலில் கருத்து வரைபடம் (கருத்துகளை வட்டமிட்டு அம்புக்குறியால் இணைக்கும் படம்) வழியாகக் கற்பித்தல் என்பது என் ஆய்வேடு. செக்ஷனைக் கலைத்துக் குலுக்கல் முறையில் பிரிக்க எச்.எம். ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் ஏ செக்ஷன் (38 பேர்) சோதனைக் குழு, பி செக்ஷன் (36 பேர்) கட்டுப்பாட்டுக் குழு. 'வெப்பம்' பாடம், நான்கு வாரம், 25 மதிப்பெண்ணுக்கு முன்தேர்வும் பின்தேர்வும்.

ஏ: 12.4-லிருந்து 17.1. பி: 14.0-லிருந்து 16.2. எல்லாத் தேர்விலும் திட்ட விலக்கம் (மதிப்பெண் சராசரியிலிருந்து பரவும் அளவு) 4-ஐ ஒட்டியே வருகிறது.

ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகப் பேர்டு டி-டெஸ்ட் (அதே மாணவர்களின் முன்-பின் மதிப்பெண் ஒப்பீடு) போட்டால் இரண்டுமே சிக்னிஃபிகன்ட், அதாவது தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவு வேறுபாடு. பின்தேர்வுகளை மட்டும் ஒப்பிட்டால் சிக்னிஃபிகன்ட் இல்லை. முன்னேற்றத்தை ஒப்பிட்டால் மறுபடி சிக்னிஃபிகன்ட். எதை எழுதுவது? 'குவாசி' (குலுக்கல் இல்லாத அரைச்சோதனை) என்று போட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன கேட்பார்கள்? இன்னும் இரண்டு மாதம் பள்ளியில் அனுமதி இருக்கிறது.

ஆய்வுமேசை:

குவாசிதான், சந்தேகம் வேண்டாம். தலையீடு இருக்கிறது, ஒப்பீட்டுக் குழு இருக்கிறது, முன்தேர்வு இருக்கிறது. யார் எந்தக் குழு என்பதைச் சமவாய்ப்பு தீர்மானிக்கவில்லை. உங்கள் வடிவத்துக்குப் பெயர் 'சமமற்ற கட்டுப்பாட்டுக் குழு, முன்-பின் தேர்வு'. 1963-ல் கேம்ப்பெல்லும் ஸ்டேன்லியும் ஆய்வு வடிவங்களுக்குப் போட்ட பட்டியலிலேயே இது உண்டு.

முதலில் அந்த இரண்டு பேர்டு டி-டெஸ்டையும் தூக்கிவிடுங்கள். நான்கு வாரம் பாடம் நடத்தினால் எந்த வகுப்பும் ஏறத்தான் செய்யும். 'ஏ ஏறியதா' என்பதல்ல உங்கள் கேள்வி, 'பி-யைவிடக் கூடுதலாக ஏறியதா' என்பது. பின்தேர்வு மட்டும் போட்டதும் சரியில்லை. ஏ 1.6 மதிப்பெண் பின்தங்கித் தொடங்கியது அதில் காணாமல் போகிறது.

மிச்சம் இருப்பவை இரண்டு.

முன்னேற்ற ஒப்பீடு: 4.7 கழித்தல் 2.2, ஆக 2.5.

ஆன்கோவா (முன்தேர்வு வேறுபாட்டைச் சரிசெய்து பின்தேர்வை ஒப்பிடுவது): முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் சரிவு 0.6, அதாவது முன்தேர்வில் 1 மதிப்பெண் கூடினால் பின்தேர்வில் 0.6 கூடும் என்று வைத்துக்கொண்டால், பின்தேர்வு வேறுபாடு 0.9, அதோடு 0.6 × 1.6, ஆக 1.86.

ஒரே தரவு, இரண்டு விடை. 1967-ல் லார்ட் என்பவர் எடுத்துக்காட்டிய முரண் இது, இன்றும் வைவாவில் மாணவர்களைத் திணறடிக்கிறது. எது சரி என்பதைக் கணக்கு சொல்லாது. ஏ ஏன் 1.6 பின்தங்கியிருந்தது என்பதுதான் சொல்லும்.

அதற்கான விடை பள்ளி மதிப்பெண் பதிவேட்டிலேயே இருக்கும். முதல் இடைப்பருவம், காலாண்டு, அதற்கடுத்த தேர்வு, எது கிடைக்கிறதோ, இரண்டு செக்ஷனுக்கும் அறிவியல் மதிப்பெண்ணை எடுங்கள். சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுங்கள். உங்கள் முன்தேர்வில் இது 1.6 / 4, அதாவது 0.4. பழைய தேர்வுகளிலும் ஏ 0.4 அளவுக்கே பின்தங்கி வந்திருந்தால் அது நிலையான இடைவெளி. முன்னேற்ற ஒப்பீட்டுக்குப் பலம் கூடும். பழைய தேர்வுகளில் இரண்டும் சமமாக இருந்து, உங்கள் முன்தேர்வில் மட்டும் ஏ இறங்கியிருந்தால், அன்றைக்கு ஏதோ தற்செயல். அப்படியானால் ஏ தானாகவே மேலே வரும், 2.5 என்பது மிகை, ஆன்கோவா பக்கம் நில்லுங்கள். இடைவெளி தேர்வுக்குத் தேர்வு குறைந்துகொண்டே வந்திருந்தால்தான் தலைவலி. நீங்கள் வகுப்புக்குள் நுழையும் முன்பே ஏ வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். இரண்டு கணக்கும் உதவாது.

எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஆன்கோவா: அனலைஸ், ஜெனரல் லீனியர் மாடல், யூனிவேரியட். டிபெண்டன்டில் பின்தேர்வு, ஃபிக்ஸ்ட் ஃபேக்டரில் குழு, கோவேரியேட்டில் முன்தேர்வு. அதற்கு முன் மாடல் பொத்தானுக்குள் போய் 'குழு × முன்தேர்வு' பதத்தை நீங்களே சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். மென்பொருள் தானாகச் சேர்க்காது. அந்தப் பதம் சிக்னிஃபிகன்டாக வந்தால் இரு குழுவின் சரிவும் வேறு வேறு, ஒற்றை எண்ணாக விளைவைச் சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம், ஒரு எச்சரிக்கை.

திருத்தம்: முன்தேர்வில் அளவீட்டுப் பிழை இருந்தால் ஆன்கோவா குறைவாகவே சரிசெய்யும். 25 மதிப்பெண் தேர்வின் நம்பகத்தன்மை (பிழையில்லாத தேர்வுக்கு இது 1) 0.7 என்றால் உண்மையான சரிவு 0.6 / 0.7, அதாவது ஏறக்குறைய 0.86. விடை 1.86 அல்ல, 2.27. உங்கள் விஷயத்தில் பிழை உங்களுக்கு எதிராகத்தான் போகிறது, எனவே ஆபத்தில்லை. சோதனைக் குழு முன்தேர்விலேயே முந்தியிருக்கும் ஆய்வுகளில் இதே பிழை இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டிவிடும். நம்பகத்தன்மை எண்ணை ஆய்வேட்டில் கட்டாயம் கொடுங்கள்.

எச்சரிக்கை: 74 பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வகுப்புகள் இரண்டுதான். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியர், ஒரே நேரம், ஒரே நண்பர் கூட்டம் என்று ஒன்றுபோல் நகர்வார்கள். அந்த ஒற்றுமைக் கெழு 0.15 என்று வைத்தால், 37 பேர் கொண்ட வகுப்புக்கு 1 + 36 × 0.15 = 6.4. 74-ஐ 6.4-ஆல் வகுத்தால், உங்களிடம் இருப்பது 12 தனித்தனி ஆட்களுக்கும் குறைவான தகவல்தான். உங்கள் p-மதிப்பு (விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பு) 74 தனித்தனி ஆட்களை நினைத்துக் கணக்கிடப்பட்டது. அதைவிட மோசம், ஒவ்வொரு பக்கமும் ஒரே வகுப்பு என்பதால் 'கருத்து வரைபடத்தின் விளைவு', 'ஏ செக்ஷனின் விளைவு' இரண்டையும் பிரிக்கவே முடியாது. இதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. ஆய்வேடுகளில் இந்த ஒன்றைத்தான் யாரும் எழுதுவதில்லை.

நர்சிங்_டியூட்டர்:

வைவாவில் இன்னொன்றும் கேட்பார்கள்: இது குவாசியா, முன்-சோதனை வகையா? எங்கள் துறையில் ஒரே வார்டு, ஒரே குழு, முன்-பின் தேர்வு எடுத்துவிட்டு 'குவாசி' என்று தலைப்பில் போடுவது சகஜம். கேம்ப்பெல்-ஸ்டேன்லி வகைப்பாட்டில் அது முன்-சோதனை வகை. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இடையில் நடந்த எதையும் ஒதுக்க முடியாது.

கசிவையும் பாருங்கள். ஏ செக்ஷன் பிள்ளைகள் மதிய இடைவேளையில் பி செக்ஷனிடம் நோட்டைக் காட்டுவார்கள். இரண்டுக்கும் ஒரே ஆசிரியர் என்றால் அவரே அறியாமல் பி-யிலும் பலகையில் வட்டம் போட்டு அம்புக்குறி வரைவார். வேறு வேறு ஆசிரியர் என்றால் ஆசிரியர் திறமை கலந்துவிடும். எதுவானாலும், வாரத்துக்கு ஒருமுறை பி-யின் பத்து நோட்டைப் புரட்டி, வரைபடம் இருக்கிறதா என்று எண்ணிக் குறித்துவையுங்கள். கேள்வி வரும்போது கையில் எண் இருக்கும்.

ஆய்வுமேசை:

ஒரு பக்கம் ஒரு வகுப்பு என்ற சிக்கலுக்கு உங்களிடம் இருக்கும் இரண்டு மாதம் போதும். அடுத்த பாடம் 'மின்னியல்'. இந்த முறை தலைகீழாக்குங்கள்: பி-க்குக் கருத்து வரைபடம், ஏ-க்கு வழக்கமான முறை. அந்தப் பாடத்துக்குத் தனி முன்தேர்வு, தனி பின்தேர்வு.

'வெப்பத்தில்' ஏ கூடுதலாக ஏறி, 'மின்னியலில்' பி கூடுதலாக ஏறினால், ஏ செக்ஷனே கெட்டி என்ற மாற்று விளக்கம் அடிபட்டுப் போகிறது. கெட்டியான செக்ஷன் என்றால் இரண்டு பாடத்திலும் அதுதானே முந்த வேண்டும்? கவனிக்க வேண்டியது: வரைபடம் போடக் கற்றுக்கொண்ட ஏ பிள்ளைகள் அதை விட மாட்டார்கள். இரண்டாம் பாடத்தில் வேறுபாடு 2.5-லிருந்து 1.5-க்குச் சுருங்கினால் பயப்பட வேண்டாம், ஆனால் இதை எதிர்பார்ப்பதாக ஆய்வுக்கு முன்பே எழுதி கைடிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள். பிறகு எழுதினால் சாக்குப்போக்காகத் தெரியும்.

இன்னொரு மலிவான தற்காப்பு: அதே காலத்துக் கணக்குப் பாட மதிப்பெண். கருத்து வரைபடம் அறிவியலில் மட்டும்தானே? ஏ செக்ஷன் கணக்கிலும் அதே அளவு ஏறியிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

எம்எட்_இரண்டாமாண்டு:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். முன்தேர்வு மதிப்பெண் ஒத்துப்போகும் ஜோடிகளை மட்டும் இரண்டு செக்ஷனிலிருந்தும் எடுத்தால் (மேட்சிங்) பிரச்சினை தீராதா? கைடு அதைத்தான் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை:

தீராது, புதிய பிரச்சினை முளைக்கும். ஏ-யின் சராசரி 12.4, பி-யின் சராசரி 14.0. 13 எடுத்தவர்களை ஜோடி சேர்த்தால், ஏ-யில் அவர் சராசரிக்கு மேல், பி-யில் சராசரிக்குக் கீழ். அடுத்த தேர்வில் இருவரும் அவரவர் வகுப்புச் சராசரியை நோக்கித் திரும்புவார்கள். ஏ பிள்ளை இறங்கும், பி பிள்ளை ஏறும், நீங்கள் எதுவுமே செய்யாமல். அளவு வேண்டுமானால்: இரண்டு தேர்வு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.6 என்றால், சராசரிக்கு 10 மதிப்பெண் கீழே இருப்பவர்கள் அடுத்த முறை 6 மதிப்பெண் கீழே இருப்பார்கள். சும்மா கிடைக்கும் 4 மதிப்பெண்.

இதன் பெரிய உதாரணம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம். 1955-ல் சாலை விபத்தில் 324 பேர் இறந்தார்கள். ஆளுநர் ரிபிகாஃப் அதிவேக ஓட்டுநர்கள் மீது கடும் நடவடிக்கை எடுத்தார். 1956-ல் 284. 40 உயிர் மிச்சம், 12.3 சதவீதம் குறைவு என்று அறிவிப்பு. 1968-ல் கேம்ப்பெல்லும் ராஸும் பல ஆண்டு எண்ணிக்கையை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, 1955 வழக்கத்தைவிட உச்சத்தில் இருந்த ஆண்டு என்று தெரிந்தது. எண்ணிக்கை உச்சம் தொட்டதால்தான் நடவடிக்கையே வந்தது; உச்சத்துக்கு அடுத்த ஆண்டு எப்படியும் இறங்கும். அண்டை மாநிலங்களின் வரிசையையும் பக்கத்தில் வைத்துத்தான் அவர்கள் பேசினார்கள். இரண்டு புள்ளியை மட்டும் பார்த்திருந்தால் இது எதுவும் கண்ணில் பட்டிருக்காது. உங்களைப் பழைய தேர்வு மதிப்பெண் எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

ஒப்பீட்டுக் குழு என்ன வேலை செய்கிறது என்பதற்கு நியூ ஜெர்சி. 1992 ஏப்ரல் 1 அன்று அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது, பக்கத்து பென்சில்வேனியாவில் மாறவில்லை. கார்ட், குரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் இரு மாநிலங்களிலும் 410 துரித உணவகங்களில் முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். ஒரு கடைக்கு வேலையாட்கள் (பகுதிநேரத்தாரையும் முழுநேரக் கணக்காக மாற்றி) நியூ ஜெர்சியில் 20.44-லிருந்து 21.03, பென்சில்வேனியாவில் 23.33-லிருந்து 21.17. நியூ ஜெர்சி ஏறக்குறைய அசையவே இல்லை. 2.76 என்ற விளைவில் (மேலே உள்ள எண்கள் முழுமையாக்கப்பட்டவை என்பதால் கழித்தால் 2.75 வரும்) பெரும்பகுதி பென்சில்வேனியா இறங்கியதால் வந்தது. அந்த இறக்கம் நியூ ஜெர்சிக்கும் வந்திருக்கும் என்று நம்பினால்தான் முடிவு நிற்கும். முன்பக்கம் ஒரே ஒரு புள்ளி என்பதால் அதை அந்தத் தரவிலேயே சோதிக்க முடியாது. உங்கள் பி செக்ஷனின் 2.2-ம் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆய்வுமேசை:

கைடு மேட்சிங்கை விடவில்லை என்றால் இதையும் கேட்டுப் பாருங்கள்: பள்ளியில் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மட்டும் மாலைச் சிறப்பு வகுப்பு நடக்கிறதா? நடந்தால் அது வெட்டுப்புள்ளி வடிவமைப்பு. 1960-ல் திஸில்த்வெயிட்டும் கேம்ப்பெல்லும் கல்வி உதவித்தொகைத் தேர்வை வைத்து முதலில் செய்தது. கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவரும் சற்று மேலே இருப்பவரும் கிட்டத்தட்ட ஒரே ஆள் என்பதுதான் அதன் பலம்.

வெட்டுப்புள்ளி 35 என்றால் மட்டும் வேண்டாம். 33, 34 எடுத்த பேப்பரை 35-க்கு இழுத்துவிடும் பழக்கம் எல்லோரும் அறிந்ததே. எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று ஹிஸ்டோகிராம் (பட்டை வரைபடம்) போட்டுப் பாருங்கள். 33, 34-ல் பள்ளமும் 35-ல் குன்றும் தெரிந்தால், கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஆசிரியர் மனம் இரங்கியவர்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள் இரங்காதவர்கள். ஒப்பீடு அங்கேயே முடிந்தது. தவிர, கோட்டை ஒட்டிய சில மதிப்பெண்ணுக்குள் போதுமான ஆட்கள் வேண்டும். 74 பேரில் அது தேறாது, பல பள்ளித் தரவு கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

எம்எட்_இரண்டாமாண்டு:

சிறப்பு வகுப்புக்கு வெட்டுப்புள்ளி 35-தான். விட்டுவிடுகிறேன். திங்கட்கிழமை பதிவேடு பார்க்க அனுமதி கேட்கிறேன், 'மின்னியல்' முன்தேர்வு அதற்கடுத்த வாரம். தலைப்பில் 'விளைவு' என்று போடலாமா, 'தொடர்பு' என்று போட வேண்டுமா?

ஆய்வுமேசை:

'விளைவு' போடலாம், தலையீடு உங்களுடையது. ஆனால் முடிவுரையில் மதிப்பீட்டோடு எல்லையையும் எழுதுங்கள்: ஒரு பள்ளி, பக்கத்துக்கு ஒரு வகுப்பு, பாடம் மாற்றிச் சரிபார்த்தது, ஆன்கோவாவிலும் முன்னேற்ற ஒப்பீட்டிலும் வந்த இரண்டு எண்களும். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றதை ஏன் மறைத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.