வேனின் பிரேக் குழாயில் துரு: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: பினாங்கில் கடலோரம் குடியிருக்கிறேன். அப்பா ஓட்டிய பழைய நிசான் வேனெட். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் உப்புக்காற்றில் அரித்து எண்ணெய் கசிகிறது. அரித்த துண்டை மட்டும் வெட்டிச் செம்புக் குழாய் இணைக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி! வெறும் செம்பு அதிர்வில் விரிசல் விடும். செம்பு-நிக்கல் குழாய் வாங்கி முழு நீளமும் மாற்றுங்கள். குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 4.75 மி.மீ.தான், பழையதை எடுத்துப்போய் ஒப்பிடுங்கள். குழாய் முனையை விரிப்பதற்கு முன்பே, அதை இணைக்கும் நட்டைக் குழாயில் கோத்துவிடுங்கள். விரித்த விளிம்பை உள்ளே மடித்து இரட்டை மடிப்பாகவே விரிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிளந்துவிடும்.

இன்னொரு பதில்: ஜாக்கை மட்டும் நம்பி வேனுக்கு அடியில் படுக்காதீர்கள், வேனைத் தாங்கி நிறுத்தும் தாங்கிகள் (ஜாக் ஸ்டாண்டு) கட்டாயம். பிரேக் எண்ணெய் பெயிண்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணே. முழுக் குழாயும் வாங்குகிறேன். அதுவரை வேன் வாசலை விட்டு நகராது.