கலைப்பீடப் பட்டதாரிக்கு எந்தக் கணினிச் சான்றிதழ் உதவும்?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும்.

என் தங்கச்சி பொருளியலில் பட்டம் முடித்துவிட்டு யாழ்ப்பாணத்திலேயே வேலை தேடுகிறாள். போன வாரம் ஒரு கம்பனியில் நேர்முகத் தேர்வு. பட்டச் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேரே ஒரு எக்செல் கோப்பைத் திறந்து கொடுத்தார்களாம். இரண்டாயிரம் வரிக்கு மேல் விற்பனைக் கணக்கு, ஊர்வாரியாகக் கூட்ட வேண்டும். பிவட் டேபிள் (தரவை வகைவாரியாகத் தொகுத்துக் கூட்டித் தரும் எக்செல் வசதி) தெரிந்தால் ஒரு நிமிட வேலை. இவள் சாவகச்சேரி, சுன்னாகம், நெல்லியடி என்று ஒவ்வொன்றாக வடிகட்டிக் கூட்டி, பாதியில் நேரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டாள். கம்பஸில் கணினிப் பாடம் படித்தவள்தான்.

சரி, ஒரு சான்றிதழ் எடுப்போம் என்று விசாரிக்கத் தொடங்கினோம். ஐசிடிஎல் என்ற கணினித் திறன் சான்றிதழ் பல நாடுகளில் தெரிந்த பெயர், தொகுதி தொகுதியாகப் பரீட்சை எழுதலாம். மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் ஸ்பெஷலிஸ்ட் பரீட்சையில் எக்செலிலேயே வேலையைச் செய்து காட்ட வேண்டும். அவளுக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) நம் நாட்டு முறை, 7 மட்டங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டமும் நல்லதுதான், ஆனால் இன்னும் 3 வருடம் படிக்க வீட்டு நிலைமை இடம் தராது.

இங்கே ஆட்களை வேலைக்கு எடுப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: விண்ணப்பத்தில் இவற்றில் எதைக் கண்டால் கூப்பிட்டுக் கதைப்பீர்கள்? அப்புறம், பரீட்சையை யாழ்ப்பாணத்திலேயே எழுதியவர்கள் இருந்தால் எங்கே, எவ்வளவு செலவு என்றும் எழுதுங்கள். அடுத்த மாதமே பதிய நினைக்கிறோம்.