கொடுங்கையூர் எரிஉலை: 2050 இலக்குக்கு வடசென்னைதான் விலை கொடுக்கணுமா?

வியாசர்பாடி வாசி:
சென்னையின் பருவநிலைச் செயல்திட்டம் 2023 ஜூனில் வெளியானது. 2050க்குள் கார்பன் சமநிலை, அதாவது நகரம் வெளியிடும் கார்பனும் ஈடுசெய்யும் கார்பனும் சமமாவது, அதன் இலக்கு. இலக்கோடு எனக்குச் சண்டை இல்லை. பசுமைத் திட்டம் என்று சொல்லி கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டப் பார்க்கிறார்களே, அதில்தான் சண்டை. நாற்பது வருஷமாக வடக்கு மண்டலங்களின் குப்பை இங்கேதான் வந்து விழுகிறது. கோடையில் ஒரு சாயங்காலம் எழில் நகர் பக்கம் வந்து நின்று பாருங்கள். குப்பை மேட்டில் எங்கேயாவது புகைந்துகொண்டே இருக்கும். மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில்கூட அந்த வாடை ஏறிவிடும். கொஞ்சம் வடக்கே போனால் மணலி ஆலைகள், எண்ணூர் அனல்மின் நிலையங்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. இத்தனைக்கும் மேலே இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்றுதான் 2025 மே மாதம் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள்.

2016இல் ஸ்மார்ட் சிட்டிக்கு சென்னை தேர்வானபோது பகுதி மேம்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது தி.நகரை. பாண்டி பஜாருக்கு நடைபாதை வளாகம், எங்களுக்கு எரிஉலை என்றால் அது என்ன நியாயம்?

மாடிச்சோலார்:
உங்கள் கோபம் புரிகிறது சார். ஆனால் அந்த மேடு சும்மா கிடக்கவில்லை. காற்றுப் புகாமல் குப்பை அழுகினால் மீத்தேன் வரும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தாலே அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மேட்டில் தீப்பிடித்தால் அணையாமல் புகைவதற்கும் அதுதான் காரணம். இன்று வடிகட்டியே இல்லாமல் திறந்தவெளியில் எரிகிறது. அதை வடிகட்டி வைத்த உலைக்குள் எரித்தால் உங்களுக்குத்தானே நல்லது? சென்னையில் தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. கொடுங்கையூர் வேண்டாம் என்றால் செங்கல்பட்டில் ஏதாவது கிராமத்தில் போய்க் கொட்டலாமா? அவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்?

பேசின்பாலம்:
வடசென்னையை யாருமே கவனிக்கவில்லை என்பதும் சரியில்லை. 2025 ஜூனில் மாநகரப் பேருந்துக் கழகத்தின் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் முதலில் கிளம்பியது வியாசர்பாடி பணிமனையிலிருந்துதான். வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கியது.

வியாசர்பாடி வாசி:
பேருந்து வந்தது நல்ல விஷயம், நானும் அதில்தான் போகிறேன். அதைக் காட்டி எரிஉலைக்குத் தலையாட்டச் சொல்ல முடியாது.

மாடிச்சோலார், மீத்தேன் வருவது மட்கும் குப்பையிலிருந்து. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் அதுதான்: மிச்சச் சோறு, காய்கறித் தோல், வாழையிலை. அது நனைந்துபோய்க் கிடக்கும், உலையில் சரியாக எரியாது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் எரிக்கச் சொன்னதும், மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரியாவது வெப்பம் தரும் கழிவைத்தான். அப்படியென்றால் உலைக்குப் போகப்போவது பெரும்பாலும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் எதிலிருந்து வருகிறது? பெட்ரோலியத்திலிருந்து. அதைக் கொளுத்திவிட்டு கார்பன் சமநிலை என்று எப்படிக் கணக்கு எழுதுவார்கள்?

மாடிச்சோலார்:
கோபன்ஹேகனில் ஊருக்கு நடுவிலேயே எரிஉலை இருக்கிறது, அதன் கூரையில் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது?

குப்பைக்கணக்கு:
அந்தக் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2025க்குள் கார்பன் சமநிலை அடைந்த முதல் தலைநகரம் ஆவோம் என்று சொன்ன ஊர் அது. 2022இல் இலக்கைக் கைவிட்டார்கள். காரணமே அந்த உலைதான்: அதிலிருந்து வரும் கார்பனைப் பிடித்துச் சேமிக்க வேண்டியிருந்தது, அதற்கான நிதி கிடைக்கவில்லை. நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் டெல்லி ஓக்லா. குடியிருப்புகளை ஒட்டி 2012இல் ஓடத் தொடங்கிய ஆலை. மக்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது, ஆனால் ஆலையை மூடவில்லை.

இன்னொன்று. ஈரக் குப்பை கலந்தால் உலையின் சூடு இறங்கும். 850 டிகிரிக்குக் கீழே போனால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாக வழி. புகைபோக்கியில் தூசியையும் கந்தக டை ஆக்சைடையும் கருவி வைத்து நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து சாலையோரப் பலகையில் காட்டலாம். டையாக்சினுக்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எப்போதாவது ஒரு நாள் எடுத்த மாதிரியை வைத்து வருஷம் முழுக்கக் காற்று சுத்தம் என்பார்கள். பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் எந்தப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

மேட்டில் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கி விற்றுச் சாப்பிடுகிறவர்களைப் பற்றி இந்த இழையில் யாரும் இன்னும் பேசவில்லை. அவர்கள் எடுத்துப் பழைய பொருள் கடைக்குப் போடும் அதே பிளாஸ்டிக்தான் உலைக்கும் வேண்டும். நகரத்தில் மறுசுழற்சி என்று ஒன்று நடப்பதே அவர்களால். புகையும் அவர்களுக்கு, பிழைப்பு போவதும் அவர்களுக்கா?

மாடிச்சோலார்:
அந்தக் கடைசி விஷயம் நியாயம், அவர்களுக்கு மாற்று வேலை திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மற்றபடி என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இந்தூரில் 2022இல் 550 டன் ஈரக் குப்பையில் எரிவாயு எடுக்கும் ஆலை வந்தது, ஏனென்றால் அங்கே வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கிறார்கள். இங்கே என் அபார்ட்மென்ட்டிலேயே பாதிப் பேர் ஒரே பையில் கட்டிப் போடுகிறார்கள்.

வியாசர்பாடி வாசி:
அதாவது உங்கள் அபார்ட்மென்ட் பிரிக்காததற்கு எழில் நகர் பிள்ளைகள் இரும வேண்டும். நான் கேட்கும் நீதி இதுதான் சார், வேறொன்றும் இல்லை. சேத்துப்பட்டில் தினம் 100 டன் ஈரக் குப்பையில் எரிவாயு எடுக்கும் ஆலை இருக்கிறது. மண்டலத்துக்கு மண்டலம் அதுபோல வைக்கட்டும், அந்தந்த மண்டலத்தின் ஈரக் குப்பை அதன் எல்லையைத் தாண்டக் கூடாது. கொடுங்கையூருக்கு லாரி வருவது நின்றால் பழைய மேட்டை பயோமைனிங் செய்து, அதாவது தோண்டிச் சலித்துப் பிரித்து அகற்றி, முடிக்கலாம்.

மாடிச்சோலார்:
அதற்கு நான் எதிர்ப்பு இல்லை. ஆனால் அடையாறிலும் அண்ணாநகரிலும் அந்த ஆலைக்கு இடம் கேட்டால் அங்கேயும் மனிதச் சங்கிலி நிற்கும். அப்போது என்ன சொல்வீர்கள்?

வியாசர்பாடி வாசி:
நிற்கட்டும். அவர்கள் குப்பை, அவர்கள் வார்டு. அந்த விவாதம் இதுவரை அங்கே நடந்ததே இல்லை, இனி நடக்கட்டும்.