திறப்பு வீட்டுக்குள்ளே, வாகனத்தை மட்டும் காணவில்லை: உங்களுக்கும் நடந்ததா?

பியர்சன் ஓட்டம் (ஸ்காபரோ):

எங்களிடம் ஒன்பது வாகனங்கள். எல்லாம் கனடாவில் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஓட்டம்தான். நான்கு ரொயோட்டா ஹைலாண்டர், இரண்டு லெக்ஸஸ் ஆர்எக்ஸ், மிச்சம் வான்கள். கள்ளர் தேடித் திரிகிற வாகனங்களில் ஹைலாண்டரும் ஆர்எக்ஸும் முன்வரிசையில் நிற்கின்றன என்று வாங்கும்போது எனக்குத் தெரியாது.

2024 ஜனவரியில் ஒருநாள் விடியப்புறம் நாலேகாலுக்கு எங்கள் ட்ரைவர் தம்பி ஃபோன் எடுத்தார். "அண்ணை, வாகனத்தை நீங்களா எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். ஐந்து மணிக்கு அவருக்கு ஓட்டம். வெளிக்கிட்டு வெளியே வந்தால் பனியில் சில்லுத் தடம் மட்டும்தான் கிடக்கிறது. திறப்பு கதவடிக் கொழுவியில் தொங்கிக்கொண்டிருந்தது. உடைந்த கண்ணாடி ஒரு துண்டுகூட நிலத்தில் இல்லை.

முன்வீட்டுக் கமராவில் எல்லாம் விழுந்திருந்தது. 2:51க்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் வாகனத்தின் கதவடியில் நிற்கிறார். மற்றவரின் தோளில் ஒரு பை, கையில் வளையம் போலச் சுற்றிய வயர். அதை வீட்டுச் சுவரோடு அணைத்து மெல்ல அசைக்கிறார். வாகனத்தின் விளக்கு மின்னுகிறது, கதவு திறக்கிறது, எஞ்சின் இயங்குகிறது. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அலாரம் அடிக்கவே இல்லை, ஏனென்றால் வாகனத்தைப் பொறுத்தவரை வந்தது சொந்தக்காரர்.

ஒரு வாகனம் போனதோடு முடியவில்லை. அன்றைக்கு மூன்று ஓட்டத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் வாடகை வாகனம் எடுத்து ஓடினோம். புதுப்பிக்கிற நேரம் வந்தபோது ஒன்பது வாகனத்துக்குமே காப்புறுதிக் கட்டணம் ஏறியது. வாகனங்களை வைத்துத் தொழில் செய்கிற மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று அறிய விரும்புகிறேன். நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

வயர்க்காரன் (மிசிசாகா, வாகன மின்வேலை):

அண்ணை, நீங்கள் பார்த்த அந்த வளையம் ஒரு அன்ரெனா. வாகனம் பலவீனமான ஒரு அலையில், ஏறத்தாழ 125 கிலோஹேர்ட்ஸில், "பக்கத்தில் என் திறப்பு நிற்கிறதா?" என்று கேட்கும். அந்த அலை ஒன்றிரண்டு மீற்றருக்கு மேல் போகாது. திறப்பு அதைக் கேட்டால், அதைவிடத் தூரம் போகக்கூடிய வேறொரு அலையில் விடை சொல்லும். கள்ளர் செய்வது இடையில் பாலம் போடுவதுதான். வாகனத்தின் கேள்வியை ஒருவர் பிடித்து மற்றவருக்கு அனுப்ப, அவர் அதைச் சுவருக்கு உள்ளே இருக்கிற திறப்புக்குக் கேட்க வைக்கிறார். இரகசியக் குறியீட்டை உடைக்கத் தேவையே இல்லை. உண்மையான திறப்பு, உண்மையான விடை. தூரம் மட்டும்தான் பொய்.

இது புதிதும் இல்லை. சுவிற்சர்லாந்தில் சூரிச் ஈ.ரி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இலேயே எட்டு நிறுவனங்களின் பத்து வாகன வகைகளை எடுத்துச் செய்து காட்டினார்கள். பத்தும் திறந்தன. எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற இடம் இதுதான். அதற்குப் பிறகும் எத்தனை வருடம் அதே முறையை வைத்து விற்றார்கள்!

இன்னொன்றும் கேட்பார்கள்: திறப்பு தூரப் போனதும் எஞ்சின் ஏன் நிற்கவில்லை? ஓடுகிற வாகனம் நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றால் உயிருக்கு ஆபத்து, அதனால் நிற்காதபடிதான் செய்திருக்கிறார்கள். கள்ளன் எஞ்சினை நிறுத்தாமலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான்.

திறப்பையே தொடாத முறையும் இருக்கிறது. லண்டனில் இயன் டேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் ரொயோட்டா ஆர்ஏவி4 2022இல் களவு போனது. அவரும் கென் டிண்டல் என்பவரும் அதை ஆராய்ந்து 2023 ஏப்ரலில் வெளியிட்டார்கள். முன்விளக்குக்குப் போகிற வயரில் ஒரு கருவியைச் செருகி, வாகனத்தின் உள்வலையமைப்புக்கு "சரியான திறப்பு வந்துவிட்டது" என்று பொய்ச் செய்தி அனுப்புகிறார்கள். பார்வைக்கு அந்தக் கருவி சின்ன புளூடூத் ஸ்பீக்கர்தான். டேபரின் வாகனம் போவதற்கு முன்பு பம்பரும் சில்லுக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பும் இழுபட்டுக் கிடந்தன. தெருவில் யாரோ சேட்டை விட்டார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

பியர்சன் ஓட்டம்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். மார்ச்சில் எங்கள் இரண்டாவது வாகனம் போனது. அதற்கு மூன்று நாள் முன்பு முன்பம்பர் ஒரு பக்கம் கழன்று, சில்லு மறைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பனிக்குவியலில் இடித்துவிட்டு எனக்கு மறைக்கிறார் என்று ட்ரைவரைப் பேசினேன். அவர் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே நின்றார். பம்பரை நானே கிளிப் போட்டுப் பொருத்தி, அதே ட்ரைவ்வேயில் திரும்பவும் விட்டேன்.

மார்க்கம் அக்கா (வாடகை வாகனங்கள், 22 கார்):

எனக்கு நடந்தது வேறு வகை. ஒருவர் ஒரு எஸ்யூவியை இரண்டு நாளுக்கு எடுத்தார். நேரத்துக்குக் கொண்டு வந்தார், பெற்றோலும் நிறைத்திருந்தார், உள்ளே வடிவாகத் துடைத்தும் இருந்தது. பதினொரு நாள் கழித்து அதே வாகனம் வேறொரு வாடிக்கையாளரின் வீட்டு வாசலில் இருந்து போய்விட்டது. அவர் படுக்கிற அறையில் திறப்பை வைத்திருந்தார், அதுவும் அலை புகாத டப்பாவுக்குள். அவரில் பிழையே இல்லை.

பிறகு பொலிஸ் அதைக் கண்டுபிடித்துத் தந்தது. கராஜில் கணினி போட்டுப் பார்த்தபோது அந்த வாகனத்தில் மூன்று திறப்புகள் பதிவாகியிருந்தன. எங்களிடம் இருந்தது இரண்டு. ஸ்ரியரிங்குக்குக் கீழே பழுது பார்க்கப் பயன்படுத்துகிற அந்த ஓபிடி துளையில் கருவியைச் செருகினால் சில நிமிடத்தில் வெற்றுத் திறப்பொன்றைப் பதிந்துவிடலாம். முதலில் வாடகைக்கு எடுத்தவர் கையில் வாகனம் இரண்டு நாள் இருந்தது! அவசரமே இல்லாமல், எங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டே செய்திருக்கிறார். அவர் தந்த அனுமதிப்பத்திரமும் போலி.

வாடகைத் தொழிலில் இருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: வாகனம் திரும்பி வந்ததும் கீறல் பார்ப்பதோடு விடாதீர்கள், பதிவான திறப்புகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஓபிடி துளைக்கு இரும்புப் பூட்டும் போட்டிருக்கிறேன்.

அப்புறம் அலுவலகத்துத் திறப்புப் பலகை. எங்களுடையது தெருப்பக்கக் கண்ணாடியோடு ஒட்டிய சுவரில் இருந்தது. 22 திறப்புகளும் அங்கேயே தொங்கும், வாகனங்கள் எல்லாம் வாசலில் நிற்கும். இப்போது உள்ளறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன.

ஹரோ (லண்டன், வான்கள்):

இங்கேயும் இதே கதைதான். குளிரூட்டி, கொதிகலன் திருத்துகிற ஆறு வான்கள் வைத்திருக்கிறோம். வானோடு சேர்த்து உள்ளே இருந்த கருவிகளும் போய்விட்டன. காப்புறுதி வானுக்குத் தந்த காசைவிடக் கருவிகளை மீண்டும் வாங்கிய செலவுதான் முதுகை முறித்தது.

2022/23இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த வாகனக் களவுகளில் ஏறத்தாழ 40 வீதம் இப்படி ரிமோட் அலையை ஏமாற்றிச் செய்தவை என்று அரசு சொல்கிறது. லண்டனில் 60 வீதம் என்பது பொலிசின் மதிப்பீடு. முன்பு இந்தக் கருவியோடு ஒருவரைப் பிடித்தாலும், களவுக்குத்தான் கொண்டு போனார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியில் கொண்டுவந்த சட்டமூலத்தில், அதை வைத்திருப்பதற்கே ஐந்து வருடம் வரை சிறை என்று எழுதினார்கள்.

அலை தடுக்கும் பை பற்றி ஒரு சொல். ட்ரைவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஏழு மாதத்தில் அதில் மூன்று பைகள் வேலை செய்யவில்லை. உள்ளே இருக்கிற உலோகத் துணி மடிப்பில் தேய்ந்து கிழிந்துவிடுகிறது. திறப்பைப் பைக்குள் போட்டு வாகனத்தின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் பையை எறியுங்கள். நாங்கள் மாதம் ஒருமுறை, சம்பள நாளில் பார்க்கிறோம். உதிரித் திறப்பையும் மறக்க வேண்டாம். முதல் திறப்பைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டாவதை லாச்சிக்குள் விட்டால் என்ன பயன்?

கனரகம் (பிரம்ப்டன்):

களவு போன வாகனம் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நிறைய மொன்றியல் துறைமுகத்துக்குத்தான். அங்கிருந்து கொன்ரெய்னரில் மேற்கு ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் போகின்றன. 2024 ஏப்ரலில் ஒன்ராறியோ மாகாணப் பொலிசும் எல்லைச் சேவையும் சேர்ந்து அந்தத் துறைமுகத்தில் 598 வாகனங்களை மீட்டதாக அறிவித்தார்கள். 2023இல் மட்டும் கனடாவில் வாகனக் களவுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கொடுத்தது 150 கோடி டொலரைத் தாண்டியது. நீதியமைச்சருக்கு அரசு கொடுத்த ஹைலாண்டரே சில வருடத்துக்குள் மூன்று முறை களவு போனது. அரசாங்கமும் ஒரு பெரிய வாகனக் கூட்டத்தை வைத்திருக்கிற முதலாளிதானே.

எங்கள் பிக்கப்பில் இரண்டு ஜிபிஎஸ் இருந்தன. கையுறைப் பெட்டிக்குள் வைத்ததை 401 நெடுஞ்சாலையின் ஓரத்தில் எறிந்திருந்தார்கள். பின் இருக்கைக்குள் தைத்து வைத்தது ஒரு நாள் முழுதும் பேசிக்கொண்டிருந்தது. வாகனத்தை உடனே கொன்ரெய்னரில் ஏற்றமாட்டார்கள். எங்காவது ஒரு அடுக்குமாடித் தரிப்பிடத்தில் இரண்டு நாள் விட்டு, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்ப்பார்கள். அந்த இடைவெளியில்தான் எங்களுடையது கிடைத்தது. கொன்ரெய்னருக்குள் போயிருந்தால் சமிக்ஞை செத்திருக்கும். நீங்களாகப் போய் எடுக்க வேண்டாம், பொலிசைக் கூப்பிடுங்கள்.

பழைய வாகனம் வாங்கித் தொழிலில் சேர்க்கிறவர்களும் கவனம். கப்பல் ஏறாததை அடிச்சட்ட எண்ணை மாற்றி இங்கேயே விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 46,000 டொலர் கொடுத்து வாங்கிய வாகனத்தைப் பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது. காசும் இல்லை, வாகனமும் இல்லை.

இரவு ஓட்டம் (ட்ரைவர்):

நான் முதலாளி இல்லை, இன்னொருவரின் வாகனத்தை ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். வாகனம் போனதும் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "திறப்பு உன்னிடம்தானே இருந்தது?" என்பதுதான். இரண்டு கிழமை வேலை தரவில்லை. காப்புறுதிக்காரர் வந்து என் கடன் விபரம்வரை கேட்டார். கண்ணாடி உடையாத களவில் முதலில் சந்தேகப்படுவது எங்களைத்தான்.

2024 மார்ச்சில் ரொறன்ரோப் பொலிஸ்காரர் ஒருவர் கூட்டமொன்றில், வீட்டை உடைத்து வருகிறவர்களிடம் அகப்படாமல் இருக்கத் திறப்பை முன்கதவடியில் வைக்கும்படி சொன்னார். கதவடியில் வைத்தால் அலையைப் பிடிக்கிறான். மேலே பிள்ளைகள் படுக்கிற அறையில் வைத்தால் அவன் மேலே ஏறி வருவானோ என்று பயம். வாகனத்தை வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்கிற முதலாளிமார் இதை யோசிக்க வேண்டும். இரவில் வாகனத்தை மதிலுள்ள தரிப்பிடத்தில் விட எனக்கு விருப்பம். பஸ்ஸில் போய் எடுக்கவும் தயார்.

பியர்சன் ஓட்டம்:

இரவு ஓட்டம், உங்கள் பதிவைப் படித்த பிறகு பம்பருக்காகப் பேச்சு வாங்கிய தம்பியை நேற்றுக் கூப்பிட்டேன். அவர் இப்போது வேறு இடத்தில் ஓடுகிறார். பிழை என்னுடையது என்று சொன்னேன். "சரி அண்ணை" என்றார், அதற்கு மேல் கதைக்கவில்லை.

வாகனங்களுக்கு இரவில் ஒரு தரிப்பிடம் பார்த்திருக்கிறேன். ஸ்ரியரிங்குக்கு இரும்புத் தடியும் போடுகிறோம். வயர்க்காரன் தம்பி, ரொயோட்டாத் திறப்பைத் தூங்க வைக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

வயர்க்காரன்:

பூட்டுகிற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திறக்கிற பொத்தானை இரண்டு தரம் அழுத்துங்கள். சின்ன விளக்கு நான்கு தரம் மின்னினால் திறப்பு தூங்கிவிட்டது, வாகனம் கேட்டாலும் விடை சொல்லாது. காலையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். பழைய சில திறப்புகளில் இந்த வசதி இல்லை, அதனால் நான்கு மின்னலையும் எண்ணிப் பாருங்கள். முன்விளக்கு வயரால் வருகிறவனை இது தடுக்காது. அதற்கு எஞ்சினை வெட்டுகிற தனி இமொபிலைசர் வேண்டும். சனிக்கிழமை இரண்டு வாகனத்தைக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.