ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் முள் நின்றுவிட்டது, அதன் கேபிளைச் சுற்றும் கியர் எங்கே இருக்கிறது?

கோத்தகிரி ஜீப்:
வணக்கம். எங்களுடையது பழைய டீசல் ஜீப், ஃபோர் வீல். தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்கு இலை ஏற்றுவது இதில்தான். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து காலையில் முள் 20க்கும் 50க்கும் நடுவே துள்ளும், வெயில் ஏறினால் அடங்கிவிடும். போன வாரம் அரவேனு இறக்கத்தில் அடியோடு விழுந்துவிட்டது. கிலோமீட்டர் எண்ணும் நகரவில்லை. ஆயில் மாற்றுவது, டீசல் கணக்கு எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். கியர்பாக்ஸில் தேடினேன், கேபிள் அங்கே போகவில்லை. எங்கே பார்ப்பது?

குன்னூர் மெக்கானிக்:
முள்ளும் எண்ணும் சேர்ந்தே நின்றிருப்பதால் மீட்டரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் கேபிளில் இருக்கும், இல்லையென்றால் கேபிளைச் சுற்றுகிற சின்ன கியரில்.

வில்லிஸ் என்ற பழைய அமெரிக்க ஜீப்பின் வழிவந்த வண்டியில் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துவிடுகிற பெட்டிக்கு. பின் ஆக்சிலுக்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்புகிற இடத்தில் பேரிங் மூடி இருக்கும், அதில்தான் கேபிள் நட்டு. சேறு அப்பியிருக்கும், துடைத்தால் தெரியும்.

முதலில் மீட்டர் பக்கம் நட்டைக் கழற்றி உள்கம்பியை இழுங்கள். துண்டாக வந்தால் அதுதான் காரணம். முழுசாக வந்தால் இரண்டு முனையிலும் உள்ள சதுரத்தை விரலால் தடவுங்கள். மூலை மழுங்கியிருந்தால் கியர் சுற்றினாலும் கம்பி சுற்றாது. முனை நன்றாக இருந்தால் கம்பியைத் திரும்பப் போட்டு, நியூட்ரலில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றுங்கள். மேல்முனை சுற்றாவிட்டால் கியர்தான்.

இந்த இடத்தில் கவனம். உங்கள் ஹேண்ட்பிரேக் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற வகையாக இருந்தால், ஒரு பின்சக்கரம் தூக்கியதும் அது வண்டியைப் பிடிக்காது. சக்கரம் சுற்ற அதை எப்படியும் விடுவித்தாக வேண்டும். நம் ஊர்ச் சரிவில் இந்த வேலை கூடவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

கூடலூர்:
டயர் மாற்றினீர்களா? 6.00-16 அளவு இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய 7.00-16 போட்டால் முள் 40 காட்டும்போது வண்டி 43ல் போகும். கிலோமீட்டரும் குறைவாகத்தான் ஏறும், ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும்.

கோத்தகிரி ஜீப்:
டயர் பழைய அளவுதான். அண்ணா, மூடியில் இருந்த சின்ன நைலான் கியரில் ஒரு பக்கம் பல்லே இல்லை. கம்பி அறவில்லை, ஆனால் கறுத்த கிரீஸ் மெழுகு மாதிரி அப்பிக் கிடக்கிறது. கியர் மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா?

குன்னூர் மெக்கானிக்:
போதாது. காலையில் முள் துள்ளியதே அந்தக் கிரீஸால்தான். குளிரில் இறுகி, கம்பி முறுக்கேறி விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிறது. அந்த இழுப்பு கியர் பல்லுக்குத்தான் போகும். பழைய கேபிளோடு புது கியர் போட்டால் அதுவும் வழித்துக்கொள்ளும்.

கேபிளையும் புதுசாகப் போடுங்கள். எங்கேயும் கூர்மையாக மடங்காமல், சைலன்ஸர் பக்கம் உரசாமல் வளைத்துக் கட்டுங்கள். மெல்லிய கிரீஸ் கொஞ்சம் போதும், மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பூசவே வேண்டாம். மேலே ஏறினால், உள்ளே காந்தம் சுற்றும்போது முள்ளை இழுக்கிற அலுமினியக் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய கியரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்ப் பல் எண்ணிக்கை, பல் சாய்ந்திருக்கிற பக்கம் இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரு பல் கூடினாலும் முள் குறைத்துக் காட்டும். உடைந்த பல் துண்டுகள் மூடிக்குள் கிடக்கும், பொறுக்கி எடுத்துவிட்டு மாட்டுங்கள்.