வெற்று ஃபைலைத் திறந்தால் கை ஓடவில்லை

நள்ளிரவு_பூனை:
மூன்று வருடமாக ஜாவா மொழியில், ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க்கில் (புரோகிராமுக்கான ஆயத்தச் சட்டகம்) வேலை. இருக்கிற கோடில் டிக்கெட் (பிழைப் புகார்) வந்தால் எங்கே தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்திவிடுவேன், டீமில் யாரும் குறை சொன்னதில்லை. போன ஞாயிறு வீட்டுச் செலவுக் கணக்குக்கு எனக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எந்த ஃபிரேம்வொர்க், எந்த டேட்டாபேஸ், லாகின் வேண்டுமா வேண்டாமா என்று தேடியே இரண்டு மணி நேரம் போய்விட்டது, ஒரு வரி எழுதவில்லை. லீட்கோட் என்ற புரோகிராமிங் பயிற்சித் தளத்தில் 200 கணக்கு போட்டிருக்கிறேன், பார்த்த டுடோரியல்களுக்கு அளவே இல்லை. இன்னும் எத்தனை போட்டால் கை பழகும்?

பழைய_பெருச்சாளி:
லாகின் எதற்குங்க? உங்கள் வீட்டு மளிகைக் கணக்கை யார் திருடப் போகிறார்கள்! ஒரு டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒரு செலவு: தேதி, தொகை, எதற்கு. அதைப் படித்து மாத வாரியாகக் கூட்டிச் சொல்ல முப்பது வரி போதும். டேட்டாபேஸ் இல்லாமல் இனி முடியாது என்று நீங்களே பல்லைக் கடிக்கும் நாள் வரும், அன்றைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

1986-இல் நடந்த ஒரு கதை உண்டு. ஒரு கட்டுரையில் அதிகமாக வரும் சொற்களை எண்ணிச் சொல்லும் புரோகிராமை எழுதித் தரச்சொல்லி கணினி அறிஞர் ஜான் பென்ட்லி தன் பத்திரிகைப் பத்திக்காக இன்னொரு கணினி அறிஞரான டொனால்ட் குனூத்திடம் கேட்டார். குனூத் பாஸ்கல் மொழியில் பல பக்கத்துக்கு, விளக்கத்தோடு, அழகாக எழுதிக் கொடுத்தார். அதற்கு விமர்சனம் எழுதிய டக் மெக்கில்ராய் பாராட்டிவிட்டு, யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் கட்டளைகளைக் கோத்து ஆறே வரியில் அதே வேலையைச் செய்து காட்டினார். குனூத்திடம் கேட்டதே அவருடைய எழுதும் முறையைக் காட்டச்சொல்லித்தான், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதையும் எழுத ஆரம்பிக்கும் முன்னால் எனக்கு அந்த ஆறு வரிதான் ஞாபகம் வரும்.

கொங்கு_கோடர்:
200 போட்டும் வராதது 400 போட்டால் வராது. லீட்கோடில் கேள்வியை வேறொருவர் வெட்டிச் சீவிக் கையில் கொடுத்துவிடுகிறார், நீங்கள் தடுமாறியது அதற்கு முந்தைய இடத்தில்.

எனக்குக் கை பழகியது ஒரு அற்ப விஷயத்தில். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் மொழியிடம் கேட்டால் 5 என்கிறது, உங்கள் ஜாவாவும் அதையேதான் சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடித்துக்கொள்கின்றன. சொல்லைத் திருப்பிப் போட்டால் இன்னும் கூத்து: புள்ளி அநாதையாக முன்னால் நிற்கும், மகரத்தின் இகரக் குறி போய் ழகரத்தில் ஒட்டிக்கொண்டு 'ழி' ஆகிவிடும். சரி, 3 என்று சொல்லும் புரோகிராம் எழுதுவோம் என்று ஆரம்பித்து, 247 எழுத்தையும் பட்டியல் போட்டு அதில் தேடினேன். அசிங்கமாக இருந்தாலும் ஓடியது. அப்புறம்தான் உறைத்தது, குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட்டால் போதுமே, பட்டியல் எதற்கு என்று. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வரியில் முடித்தேன். பிறகு 'க்ஷ' வந்து இரண்டாக எண்ணப்பட்டது. அதைச் சரிசெய்தால், பார்வைக்கு ஒன்றேபோல இருக்கும் இரண்டு 'கொ' சமமில்லை என்றது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் எனப் பிரித்தும் சேமிக்கலாம், அதனால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கே இரண்டு வார இறுதி போனது.

இதற்கு 'ஓப்பன் தமிழ்' என்று ஒரு நிரல் தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. நான் முடித்த பிறகுதான் அதன் கோடைத் திறந்து பார்த்தேன். முதலிலேயே பார்த்திருந்தால் இதில் பாதிகூடப் புரிந்திருக்காது.

ரெண்டு_பசங்க_அம்மா:
வார இறுதி, வார இறுதி என்று சொல்கிறவர்கள் வீட்டில் துணி துவைப்பது யார் என்று கேட்க ஆசை. எனக்குக் கிடைப்பது ரயிலில் அரைமணி நேரம், அதுவும் உட்கார இடம் கிடைத்தால். ஆபீசில் தினமும் காலையில் நான்கு சர்வரின் லாகை (நடந்ததை எழுதிவைக்கும் பதிவு) கண்ணால் பார்த்து எக்செலில் ஏற்றிக்கொண்டிருந்தேன், அதற்கு யாரும் கேட்காமல் நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எனக்கு அதுதான் சொந்த புராஜெக்ட். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆபீஸ் லேப்டாப்பில் எழுதியதைக் கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடும் முன் ஆஃபர் லெட்டரை ஒருமுறை படித்துவிடுங்கள். எழுதியது யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு வரி இருக்கும்.

லீட்கோடையும் ஒரேயடியாகத் திட்டாதீர்கள் கொங்கு, வேலை மாறும்போது அதைத்தான் கேட்கிறார்கள்.

நள்ளிரவு_பூனை:
பெருச்சாளி அண்ணா, எழுதிவிட்டேன், 34 வரி. ஃபிரேம்வொர்க் எதுவும் இல்லை. '1,250' என்று கமா போட்டு எழுதிய வரியில் படுத்துக்கொண்டது, அதைச் சரிசெய்தேன். இப்போது பால் கணக்கின் கூட்டுத்தொகை கடைசியில் ஒன்பது ஒன்பதாக வாலோடு வருகிறது. தொகையை டபுளில் (தசம எண்ணுக்கான ஜாவா வகை) வைத்திருக்கிறேன்.

பழைய_பெருச்சாளி:
0.1-ஐயும் 0.2-ஐயும் டபுளில் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். இரும எண்ணில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது, அதுதான் காரணம். எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் வைத்துக் கூட்டுங்கள், காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுத்தால் போதும்.

நள்ளிரவு_பூனை:
சரியாகிவிட்டது. 36 வரி.